கனியின் மூச்சில் வந்த பஞ்சு

ஆவாரங்குளத்தில் சண்டை நின்றுபோன வருஷம் என்றுதான் அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் அந்த வருஷத்தைச் சொல்கிறார்கள், மழை பெய்த வருஷம் என்றோ தேர்தல் நடந்த வருஷம் என்றோ யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் மழையும் தேர்தலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கின்றன, சண்டை நின்றது அந்த ஒரு தடவைதான்.

அது ஒரு காலை வேளையில், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் பேச்சியம்மாள் தன் மகள் கனியமுதுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது தொடங்கியது. கனிக்கு எட்டு வயது. இடது சடை முடிந்து வலது சடைக்கு வகிடு எடுக்கும்போது பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டாள், அந்த மூச்சோடு எருக்கங்காய் வெடித்துப் பறக்கிற பஞ்சைப் போல ஒன்று அவள் வாயிலிருந்து வந்து, நடுவே கடுகளவு வெளிச்சத்தோடு, காற்றில் நின்று ஆடியது.

"அம்மா, நெஞ்சுக்குள்ள இருந்து வருதும்மா."

"வலிக்குதாட்டி?"

"வலிக்கல. என்னமோ காலியான மாதிரி இருக்கு."

பேச்சி சடையை முடித்து ரிப்பனைக் கட்டிவிட்டாள், நேரமாகிவிட்டிருந்தது.

பஞ்சு தெருவழியே மிதந்து குழாயடிக்குப் போனது. அங்கே இரண்டு பெண்கள் குடத்தை நகர்த்தியதற்காக மூன்று தலைமுறையை இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் அதிகமாகக் கத்தியவளின் பிடரியில் பஞ்சு போய் உட்கார்ந்தது. அவள் பாதி வசவில் நிறுத்திக்கொண்டு, எதிரில் நின்றவளின் முகத்தை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோலப் பார்த்து, "முதல்ல நீ பிடிச்சுக்கோ தாயி, உனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்றாள். வரிசையில் நின்றவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை, தண்ணீர் நிற்பதற்குள் தங்கள் குடம் நிறைய வேண்டுமே என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது.

அதற்குப் பிறகு கனி மூச்சு விடும்போதெல்லாம் ஒன்றிரண்டு வந்தன, சிரித்தால் கொத்தாக வந்தன, பள்ளிக்கூடத்தில் அவள் வாய்ப்பாடு ஒப்பித்த நாளில் வகுப்பு முழுவதும் பறந்து ஜன்னல் வழியே ஊருக்குள் போயின. ஊர் அவற்றுக்குப் பழகிக்கொண்டது. வெயிலில் காயவைத்த வற்றலின்மேல் விழுந்தால் பெண்கள் முறத்தால் விசிறிவிட்டார்கள், டீக்கடையில் டம்ளருக்குள் விழுந்தால் ஊதிவிட்டுக் குடித்தார்கள். எங்கே கோபம் இருக்கிறதோ அங்கே அவை போய் உட்கார்ந்தன, உட்கார்ந்த இடத்தில் கோபத்தின் சூட்டைக் குடித்தன, குடித்த இடம் குளிர்ந்துபோனது. வாய்க்கால் வரப்புக்காகப் பங்காளியின் காலை வெட்டியவன் வெட்டுப்பட்டவனைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனான். நடுவீட்டில் சுவர் எழுப்பிக்கொண்ட அண்ணன் தம்பிகள் அந்தச் சுவரை இடித்து, இடித்த செங்கல்லில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தொட்டி கட்டினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா கத்திரிச்செடி போட்டார், வக்கீல் போர்டைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார், ஆவாரங்குளத்துக் கபடி அணி எல்லா ஊரிலும் தோற்றது, தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு வழியில் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். காளியம்மன் கொடையில் கொட்டுக்காரர்கள் விரல் வீங்கும்வரை அடித்தும் சாமியாடிக்கு அருள் வரவில்லை, அவர் கையில் அரிவாளோடு நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டு இறங்கிவிட்டார்.

எல்லோருக்கும் தெரியும் அவை கனியிடமிருந்து வருகின்றன என்று. தெருவில் அவளைக் கண்டவர்கள் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் அவளைக் கூட்டிப்போய் நடுக்கூடத்தில் உட்காரவைத்து, பணியாரம் கொடுத்து, "எங்க, ஒரு பெருமூச்சு விடு ராஜாத்தி" என்றார்கள். ஊரிலேயே பெரிய வாய்க்காரி என்று பெயரெடுத்த பேச்சிக்கு மகளால் வந்த மரியாதை பிடித்துத்தான் இருந்தது, அவளுடைய பிடரியிலும் ஒன்று உட்கார்ந்திருந்தது, அது இருக்கும்வரை அவளுக்கு எதிலும் குறை தெரியவில்லை.

ஆவணி மாதம் கனியின் முழங்கையில் தோல் செதில் செதிலாக உரிந்தது. பிறகு வயிறு நிற்காமல் போயிற்று, தின்றது எதுவும் தங்கவில்லை. தலைமுடி வட்டம் வட்டமாக உதிர்ந்து, சடை பின்ன ஒன்றுமில்லாமல் போனது. உள்ளூர் டாக்டர் சர்க்கரை இருக்கிறது என்றார், எட்டு வயதுப் பிள்ளைக்கா என்று கேட்டுவிட்டு அவரே இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார். குளிப்பாட்டும்போது பேச்சியின் பிடரியில் இருந்த பஞ்சு சோப்பு நுரையோடு வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. அந்த நிமிஷம்தான் அவள் மகளின் முதுகைக் கண் திறந்து பார்த்தாள். எலும்புகளை மூடியிருந்த தோல் வெந்ததுபோல் சிவந்திருந்தது. பேச்சி போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்தது, பல மாதங்களுக்குப் பிறகு அந்த ஊரில் கேட்ட முதல் கூச்சல் அது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, "சரியாயிரும் பேச்சி" என்று இதமாகச் சொல்லிக் கலைந்துபோனார்கள்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபா என்று ஒரு அம்மா இருந்தார், நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட வியாதிகளைப் பார்க்கிறவர், மெதுவாகப் பேசுகிறவர். பரிசோதனைகள் எல்லாம் வந்தபின் பேச்சியை எதிரில் உட்காரவைத்தார்.

"உங்க மகளோட உடம்பு அவ உடம்பையே அடிக்குதும்மா. குடலை, தோலை, கணையத்தை. கிருமியை அடிக்க வேண்டிய பட்டாளம் வீட்டுக்காரங்களையே அடிக்குது."

"ஏன் டாக்டரம்மா? அவ யாருக்கும் ஒரு தீங்கு செய்யலயே."

"எல்லார் உடம்புலயும் அடிக்கிறவன் இருப்பான். அவன் தோள்ல கைய வச்சு, போதும்டா, நிறுத்துன்னு சொல்றதுக்குன்னு சில அணுக்கள் இருக்கு. நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சின்ன சுரப்பி, அங்கதான் அதுங்க வளரும். சொந்த உடம்பைப் பார்த்தே முறைக்கிற அணுக்களை அங்க பெரும்பாலும் அழிச்சிரும். ஆனா அதுல சிலதை மட்டும் அழிக்காம, மனச மாத்தி, காவலுக்கு வச்சுக்கும். கனிகிட்ட அந்தக் காவல் அணுக்கள் ஒண்ணுகூட இல்ல. பிறவியிலயே இல்லாதவங்க உண்டு. இவளுக்கு இருந்திருக்கு, இப்ப இல்ல. எங்க போச்சுன்னு எனக்குப் புரியல."

"ஊர்ல இருக்கு" என்றாள் பேச்சி.

டாக்டர் ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்படின்னா கூட்டிக்கிட்டு வாங்க. சீக்கிரம்."

"ஊசி மருந்து ஏதும் கிடையாதா?"

"இருக்கு. ஆனா கேளுங்க. அந்தக் காவல் அணுக்களுக்குத் தானா சமைக்கத் தெரியாது. அது உயிரோட இருக்க ஒரு பொருள் வேணும், இன்டர்லூகின்னு பேரு. அதைச் சுரக்கிறது யாரு தெரியுமா? சண்டை போடுற அணுக்கள்தான். அவன் சண்டை போடும்போது சிந்துறதைக் குடிச்சுத்தான் இது பிழைக்கும், பிழைச்சு அவனையே அமர்த்தும். அந்தப் பொருளை நான் ஊசியா போடலாம். குடிக்கக் காவல் அணு ஒண்ணுமே இல்லாத உடம்புல போட்டா சண்டைக்காரன்தான் குடிச்சுக் கொழுப்பான். நல்லா இருக்கிற ஒண்ணு கிடைச்சாலும் போதும், அவ உடம்புல அதுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல, பெருகிரும். இன்னொண்ணும் சொல்லிர்றேன். காய்ச்சல் ரொம்ப ஏறிட்டா உடம்புல வேற பொருள்களும் சுரக்கும். அந்தச் சூட்டுல காவலுக்குப் போனதே தான் யாருங்கறதை மறந்து, அதுவும் அடிக்க ஆரம்பிச்சிரும். அதுக்கு முன்னால கொண்டு வாங்க."

பேச்சி பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாக்கடை ஓரத்தில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தாள். முதலில் யாரோ தலையணையைக் கிழித்துப் போட்டதாக நினைத்தாள். குனிந்து அள்ளினாள். நடுவில் இருந்த கடுகளவு வெளிச்சம் எதிலும் இல்லை. ஊரில் சண்டையே இல்லாமல் போய்ப் பல மாதமாகிவிட்டது, குடிக்கச் சூடு இல்லாமல் அவற்றில் பாதி பிடரிகளிலேயே வாடி, காற்றடித்தபோது உதிர்ந்துவிட்டிருந்தன.

அவள் வீடு வீடாகப் போனாள். யாரும் கதவைச் சாத்தவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் அவளை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். "எம்புள்ள சாகக் கிடக்கா, உங்க கழுத்துல இருக்கிறதைக் குடுங்க" என்று அவள் கேட்டபோது, "அதுக்கென்ன பேச்சி, தாராளமா, நாளைக்கு வாயேன்" என்றார்கள். அவள் பதறப் பதற அவர்கள் அமைதியாகத் தலையாட்டினார்கள். ஒரு பிள்ளை சாகப்போகிறது என்பது அவர்கள் காதில் விழுந்தது, ஆனால் அந்தச் செய்தி போய்ப் பற்றிக்கொள்ள அவர்களுக்குள் எங்கும் சூடு இல்லை.

வீட்டில் அவள் கணவன் சங்கிலி பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தான், லாரி ஓட்டிப் போய்விட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தான்.

"பிள்ளையப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"ஒண்ணும் தோணலயா உமக்கு?"

"நம்ம கையில என்ன இருக்கு பேச்சி. வாரது வரட்டும்" என்று அவன் சிரித்த முகமாகவே சொன்னான்.

பேச்சி அவன் தலைமுடியைப் பிடித்துக் குனியவைத்து, பிடரியில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்தாள். ஒரு கணம் சங்கிலி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாயில் கிடந்த மகளைப் பார்த்தான், அந்த மொட்டைத் தலையை, உரிந்த விரல்களை. அவன் வயிற்றிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை, அவன் சுவரில் தலையை மோதினான், "எத்தனை நாளாட்டி இப்படி கிடக்கா, நான் எங்க இருந்தேன், நான் எங்கட்டி இருந்தேன்" என்று கேட்டுக் கேட்டு மோதினான். பேச்சி அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவன் கழுத்திலிருந்து எடுத்ததை மகளின் மூக்கருகே வைத்தாள். அது மூச்சோடு உள்ளே போனது.

அதற்குப் பிறகு அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. இருவரும் தெருத் தெருவாகப் போய்ப் பிடரிகளில் இருந்ததைப் பிய்த்தார்கள், பிய்க்கப் பிய்க்க அந்தந்த வீட்டில் அழுகை கிளம்பியது, பிய்க்கப்பட்டவர்களும் எழுந்து வந்து மற்றவர்களுடையதைப் பிய்த்தார்கள். மடி நிறையச் சேர்ந்ததில் வெளிச்சம் இருந்தவை மிகச் சிலவே. அவை உள்ளே போனபின் கனி ஒரு இட்லி தின்றாள், தின்றது தங்கியது. அன்றைக்கு ஊரில் மூன்று இடங்களில் கைகலப்பு நடந்தது, எல்லாமே முதலில் பணியாரம் கொடுத்து அந்தப் பிள்ளையை மூச்சுவிடச் சொன்னது யார் என்பதற்காக.

ஆனால் அவை நோஞ்சானாக இருந்தன, பட்டினியில் கிடந்தவை, சில நாட்களிலேயே ஓய்ந்துபோயின. பிள்ளைக்கு மறுபடியும் வயிறு போக ஆரம்பித்தது.

ஊரில் கொழுத்த பஞ்சு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பக்கத்து வீட்டுச் சுடலைமணியின் பிடரியில் இருந்தது. மற்றவர்களுக்குக் கோபம் தீர்ந்துபோனபோதும் அவனுக்குத் தீரவில்லை, உள்ளேயிருந்து ஊறிக்கொண்டே இருந்தது, அதைக் குடித்துக் குடித்து அந்தப் பஞ்சு வெடித்த பருத்திக்காய் அளவுக்குப் பெருத்து, பகலிலும் வெளிச்சம் தெரிய அவன் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. அதைப் பிய்க்க வந்தவர்களைப் பார்த்து அவன் மனைவி உலகம்மாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அலறல் கேட்காத வாரம் அந்தத் தெருவில் கிடையாது, கனியின் பஞ்சு வந்த பிறகுதான் அந்த வீட்டில் சத்தம் நின்றிருந்தது.

பேச்சி போய்க் கதவைத் தட்டினாள். உலகு திறந்தாள்.

"உலகு, எதுக்கு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியும்."

உலகு முந்தானையை விலக்கித் தோளையும் முதுகையும் காட்டினாள். பழைய சூட்டுக் கோடுகள் வரிசையாக இருந்தன. பிறகு அடிவயிற்றைத் தொட்டாள்.

"ரெண்டு தடவ உண்டாகி ரெண்டு தடவயும் இவன் மிதிச்சுக் கலைஞ்சு போச்சுக்கா. இப்ப எனக்குத் தலைசீவி விடுதான். நேத்து அவனே தோசை சுட்டுக் குடுத்தான். நான் பயப்படாம தூங்குறேன்க்கா, எங்க அம்மை வீட்டுல தூங்குனதுக்கு அப்புறம் இப்பத்தான் தூங்குறேன்." அவள் பேச்சியின் காலில் விழுந்தாள். "எடுத்துட்டுப் போங்க. கனி புள்ளயோடதுதான அது. ஆனா என்னையும் கொன்னுட்டுப் போயிருங்க."

பேச்சி குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்துவிட்டு, திரும்பி வந்துவிட்டாள்.

"தரமாட்டேன்னாளா? நான் போய்ப் பிடுங்கிட்டு வாரேன்" என்று சங்கிலி எழுந்தான்.

"உட்காரும்."

"எம்புள்ள சாவுதுட்டி!"

"அவளும் ஒருத்தி பெத்த புள்ளதான" என்றாள் பேச்சி. சங்கிலி கதவுவரை போய்விட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சரிந்து உட்கார்ந்தான்.

கனிக்குக் காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஹெப்சிபா சொன்னார், சொல்லிவிட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். ஈரத்துணி போட்டால் துணி காய்ந்து சுருண்டது. பிள்ளை இருந்த அறைக்குள் யாரும் பேசவில்லை, கனி மட்டும் அவ்வப்போது, "யாரும்மா சண்டை போடுதாக? சத்தமா இருக்கு" என்று கேட்டாள். வெளியே சத்தம் எதுவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் உலகம்மாள் வந்தாள். கையில் ஒரு டம்ளர், அதை உள்ளங்கையால் மூடியிருந்தாள், விரல் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அவள் உதடு கிழிந்து, ஒரு கண் மூடியிருந்தது.

"தூங்கும்போது எடுத்தேன்க்கா. எடுத்த உடனே முழிச்சுக்கிட்டான்." அவள் மூச்சிரைத்தாள். "எத்தன நாளா சுவத்துல காதை வச்சுப் புள்ள முனகலைக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். நான் தூங்குறதுக்காக அது முழிச்சிருக்கேன்னு... முடியலக்கா."

பேச்சி டம்ளரை வாங்கினாள். பஞ்சு கனியின் மூச்சைக் கண்டுகொண்டு, தன் வீட்டு வாசலை அடையாளம் கண்டதுபோல நேராக உள்ளே போனது.

சாயங்காலத்துக்குள் தோலின் சிவப்பு மங்கியது. கனி கண்ணைத் திறந்து உலகம்மாளைப் பார்த்தாள். "சித்தி, உங்களை யார் அடிச்சா?"

"விழுந்துட்டேன் கண்ணு."

"மஞ்சப்பத்து போடச் சொல்லவா எங்கம்மாவை?"

உலகு வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சி பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள், பிள்ளை நாலு வாய் குடித்தாள், சங்கிலி காலடியில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு விழுங்கலுக்கும் தானும் விழுங்கினான். விளக்கு வைக்கிற நேரம்வரை அது அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே காய்ச்சல் எப்போதோ அளவு கடந்துவிட்டிருந்தது, அந்தச் சூட்டில் போன பஞ்சு தான் வந்த வேலையை மறந்துவிட்டது. விளக்கு வைத்தபோது தோல் மறுபடியும் சிவந்தது, முன்னைவிட வேகமாக, கண்முன்னே படர்ந்தது. கனி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சத்தம் நின்னுருச்சும்மா" என்றாள். பிறகு அவள் கையைப் பேச்சிதான் எடுத்துக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. பிடரிகளில் எதுவும் இல்லை, எல்லோரும் நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதார்கள், கோடித்துணி வாங்கி வருவது யார் என்பதற்கு, சுவரை இடித்த அந்த அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நின்றார்கள், குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து ஜனங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது சுடலைமணி வந்தான்.

"உலகு, எந்திரி. வீட்டுக்கு வா."

உலகம்மாள் எழுந்தாள். பழக்கத்தில் எழுந்துவிட்டாள். பேச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள், அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ வரமாட்டா."

"அவ என் பொண்டாட்டி."

வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஏட்டையா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சுடலைமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினான். பிறகும் சில தடவை வந்தான், ஒவ்வொரு தடவையும் தெரு எழுந்து நின்றது.

அன்றிலிருந்து உலகம்மாள் அந்த வீட்டிலேயே தங்கினாள், கனி படுத்த அறையில், கனியின் பாயில். பேச்சி உலை வைத்தாள், உலகு காய் நறுக்கினாள், சங்கிலி லாரிக்குப் போனான், வந்தான். பேச்சியின் கண்ணிலிருந்து அதுவரை ஒரு சொட்டு வரவில்லை, வாய்விட்டு அழச் சொல்லி உறவுப் பெண்கள் கட்டிப்பிடித்து உலுக்கியும் வரவில்லை.

பள்ளிக்கூட மணி அடிக்கிற ஒரு காலையில், பேச்சி அடுப்பில் வெந்நீர் போட்டு, பானை கொதித்ததும் புடவைத் தலைப்பால் பிடித்து இறக்கினாள், இறக்கிக்கொண்டே, "கனி! எந்திரிட்டி, நேரமாச்சு, குளிக்க வா" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்ட குரல் வீட்டுக்குள் போயிற்று. பேச்சி பானையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள், சூடு விரலில் ஏறுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அறைக்குள் உலகம்மாள் விழித்துக்கொண்டு பாயில் எழுந்து உட்கார்ந்தாள். பதில் இல்லாமல் அந்தக் குரல் அங்கே நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"இந்தா வாரேன்" என்றாள்.

வந்து, கிணற்றடிக் கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பேச்சி பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவி, சூடு பதமாக இருக்கிறதா என்று புறங்கையில் தெளித்துப் பார்த்து, அந்தத் தழும்பு முதுகில் முதல் செம்பை ஊற்றினாள், ஊற்றியதும் அவளுக்கு அழுகை வந்தது.